எட்டாம் கட்டத்துச் சிவப்பு

ஒரு படத்தினால் என் கல்யாணம் நின்றுபோக இருந்தது. அந்தப் படத்தில் ஆளும் இல்லை, மரமும் இல்லை, சாமியும் இல்லை. வெள்ளைப் பலகையில் சில கறுப்புக் கோடுகள். ஓரமாக ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு மஞ்சள். அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கோர்வையாகப் பேச வராது. எழுதினால் எதிரில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன். படிப்பு நாலாவதோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் ரங்கூனில் பசுந்தாங் ஓடைக்கரையில் இருந்தோம். அங்கே ஒரு மர மில். அப்பா இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர். மில்லுக்குப் பின்னால் லைன் வீடுகள், அதில் ஒன்று எங்களுடையது. விடிந்தால் ரம்பச் சத்தம். சோற்றில்கூட மரத்தூள் விழும். மில்லின் இஞ்சினியர் துரை இங்கிலீஷ்காரர் இல்லை, ஹாலந்து தேசத்துக்காரர். அவர் பங்களாவில் அம்மா ஆயாவாக இருந்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் ஆயாவுக்கு என்ன வேலை என்று லைனில் பெண்கள் கிண்டல் செய்வார்கள். "துரைசாணியே ஒரு பிள்ளைதான்" என்பாள் அம்மா.

நான் பெரியவளானதும் என்னைத் தனியாக லைனில் விட்டுப்போக அம்மாவுக்கு மனசில்லை. கூடவே பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

துரைசாணி உயரமாக, மெலிந்து, கழுத்து எலும்பு தெரிய இருப்பார். அவர் தமிழ் பழகியது மில்லில் கூலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதைக் கேட்டு. அதனால் யாரைப் பார்த்தாலும் 'வாடா, போடா'தான். அம்மாவையும் "ஆயா, வாடா, டீ குடி" என்பார். ஒருநாள் அப்பாவுக்குக் கோபம் வந்தது. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. அவங்க வாயில் அது மரியாதையாகத்தான் வருகிறது, நமக்குத்தான் காது சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

பங்களாவின் பின்வராந்தாவில், ஓடையைப் பார்த்த மாதிரி, அவர் படம் போடுகிற இடம். டர்ப்பன்டைன் வாசனை மூக்கில் ஏறும். நான் முதலில் பார்த்த படத்தில் கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போயிருந்தன. நடுவில் பெரிய வெள்ளை. ஓரங்களில் சின்னச் சின்ன அறைகள், இரண்டு மூன்றில் மட்டும் நிறம். நடுவில் இருந்த வெள்ளையில் இனிமேல்தான் ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். ராஜாவோ, குதிரையோ, பூச்சாடியோ. நாள் போய்க்கொண்டே இருந்தது. அவர் ஒரு கோட்டை அழிப்பார், விரல் அகலம் தள்ளி மறுபடி போடுவார். வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் மூலையில் இரண்டு எழுத்து எழுதிவிட்டுத் தூரிகையைக் கழுவினார். அப்போதுதான் படம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அது ஏன் என்று சொல்கிறேன். பங்களாவின் முன்கூடத்தில் துரையின் பாட்டன் படம் ஒன்று தொங்கியது. தாடி வைத்த மனிதர். எந்தப் பக்கம் போனாலும் அவர் கண் கூடவே வரும். தூசி தட்டும்போதுகூட நான் தலையைத் தூக்கமாட்டேன். வீட்டில் காலண்டர் சாமிகளும் அப்படித்தான், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். துரைசாணியின் படத்தில் கண்ணே கிடையாது. அதன் முன்னால் நின்றால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்க்கலாம். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

நான் அப்படி நிற்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் அலமாரியிலிருந்து சில தாள்களை எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினார். முதல் தாளில் மில் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம், இலையும் நிழலுமாக அப்படியே. அடுத்ததில் இலை இல்லை, கிளை மட்டும். அதற்கடுத்ததில் கிளையும் போய் வளைவுகள். கடைசித் தாளில் வளைவும் நிமிர்ந்து, நின்ற கோடும் கிடந்த கோடும்தான் மிச்சம். அவர் ஊரில் சில பேர் இப்படித்தான் போடுகிறார்களாம். மரத்தைப் போட்டால் அந்த ஒரு மரம்தான் வரும், கோட்டைப் போட்டால் எல்லாமும் வரும் என்று அவர்கள் சொல்வதாகச் சொன்னார். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் இந்துஸ்தானி, மிச்சம் கைச்சாடை. நான் புரிந்துகொண்டது இவ்வளவு, அவர் சொன்னது வேறாகவும் இருக்கலாம். அவர்கள் ஊர் தட்டையான ஊர், வாய்க்கால் எல்லாம் அடித்த கயிறு போல நேராக ஓடும் என்றார். படகில் த்வாண்டே வாய்க்காலில் போனபோது ஊருக்கே போய்விட்டது போல் அழுகை வந்ததாம். த்வாண்டே என்று ஒரு ஊர் இருப்பதை அப்போதுதான் நான் காதால் கேட்டேன்.

புதுப் படம் ஆரம்பிக்கும்போது கறுப்புக் காகிதத்தை நாடா நாடாவாகக் கத்தரித்து, பலகையில் குண்டூசியால் குத்தி வைப்பார். இங்கே இருக்கட்டுமா என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். கொஞ்சம் நகர்த்தி, இங்கே என்பார். அதற்கும் தலையாட்டுவேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "எல்லாம் சரி. உனக்கு எல்லாம் சரி" என்று என்னைப் போலவே தலையை ஆட்டிக் காட்டுவார்.

லைனில் அந்தப் படங்களைப் பற்றி விதவிதமாகப் பேசினார்கள். பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அக்கா, அது இடுப்பில் கட்டும் லோஞ்சிக்குப் போடும் கட்டம், நெசவுக்காரியிடம் கொடுத்தால் நன்றாக வரும் என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். கேலி செய்தது துரைசாணியின் சொந்த ஜனம்தான். ஒரு சாயங்காலம் டீக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்களில் ஒருத்தி, குளியலறைத் தரைக்குக் கல் பதிக்கப் போகிறாயா என்று கேட்டாளாம். எல்லாரும் சிரித்தார்கள். துரைசாணியும் சேர்ந்து சிரித்தார். அவர்கள் போனபிறகு டீ ஆறிப்போகும் வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். அம்மா புது டீ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "பாவம்டி, ஊர்விட்டு ஊர் வந்து கோடு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு" என்றாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் துரைக்கு வேலை முடிந்தது. அவர்கள் கப்பல் ஏறப்போகிறார்கள் என்று ஆனது. கண்ணாடி ஜாடிகளும் ஜன்னல் திரைகளும் அம்மாவுக்கு வந்தன. படங்களையெல்லாம் சாக்குத்துணியில் கட்டும்போது ஒன்றை மட்டும் எடுத்து என் கையில் வைத்தார். நான் முதலில் பார்த்த அதே படம். நாலு பக்கமும் ஒரே அளவு. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. "எல்லாம் கேக்குது, என்ன படம், என்ன படம். நீ கேக்கலே. நீ பாக்குது" என்றார். என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "போடா" என்றார். அவ்வளவுதான். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு ஏகப் பெருமை. துரைசாணி தன் கையால் போட்டது என்று லைன் முழுக்கக் காட்டிவிட்டு, லத்தா தெருவில் சீனாக்காரன் கடையில் கண்ணாடி போடக் கொண்டுபோனார். எது மேல்பக்கம் என்று கடைக்காரன் கேட்டிருக்கிறான். அப்பா யோசித்திருக்கிறார். நீலம் என்றால் தண்ணீர், தண்ணீர் கீழேதானே இருக்கும் என்று நீலத்தைக் கீழே வரச்செய்து மாட்டுவதற்கு வளையம் அடித்து வாங்கி வந்தார். படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. மூலையில் இருந்த இரண்டு எழுத்தும் ஒருக்களித்துப் படுத்துவிட்டன. எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், சொல்ல வாய் வரவில்லை. முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி இருந்தது, அம்மா அதில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது இதை மட்டும் விட்டால் பாவமாக இருக்கிறது என்று இதன் கண்ணாடியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அது வழக்கமாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் என்னைப் பெண் பார்க்க த்வாண்டேயிலிருந்து வந்தார்கள். சட்டி பானை வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமனும்தான். மாப்பிள்ளை பானைகளைப் படகில் ஏற்றி ரங்கூனுக்குக் கொண்டுவந்து விற்பவர், மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தவர். தாய்மாமனுக்கு ஜோசியத்தில் பைத்தியம். அதனால் தரகர் முதலிலேயே ஜாதகம் கேட்டார். எனக்கு ஜாதகம் எழுதவே இல்லை. நான் பிறந்தபோது அப்பா மில்லில் இருந்தார், அம்மா மயக்கத்தில் இருந்தாள், நேரம் குறித்துவைக்க வீட்டில் கடிகாரமும் இல்லை. அப்பா அதை ஒளிக்காமல் சொல்லியனுப்பினார். ஜாதகம் இல்லை என்றால் பரவாயில்லை, கோயிலில் பூப்போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதால்தான் வந்தார்கள்.

அன்றைக்கு மில் லீவு. ரம்பச் சத்தம் இல்லாததால் நான் மூச்சு விடுவதுகூட எல்லாருக்கும் கேட்கும் போல இருந்தது. டீயும் பலகாரமும் கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளை பாயின் ஓரத்தில், வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். டம்ளரை வாங்கும்போது என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தார். வாங்கியபிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கும் ஆளைப் பார்க்க வராது போலிருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கு முன்னால் எனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அந்த நிமிஷம் விருப்பம் வந்துவிட்டது.

நான் உள்ளே திரும்பியபோது தாய்மாமன் எழுந்தார். சாமி கும்பிடப் போகிறார் என்று நினைத்தோம். முருகனைக் கும்பிட்டார். அப்புறம் பக்கத்துப் படத்தைப் பார்த்தார். கிட்டே போனார். மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். நடுவில் வெற்றிடம், சுற்றிலும் கட்டங்கள், கண்ணாடியில் சந்தனம் குங்குமம். விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார்.

"ஜாதகம் இல்லைன்னு சொல்லியனுப்பினீங்களே" என்றார் அப்பாவைப் பார்க்காமலே. "சட்டம் போட்டுப் பூஜையில வெச்சிருக்கீங்க."

அப்பா சிரித்துவிட்டார். அது தப்பாகப் போயிற்று. அது ஜாதகம் இல்லை, துரைசாணி வரைந்த படம் என்றார். துரைசாணிக்கு எதுக்கு நம்ம ஜாதகம் வரையும் வேலை என்று மாமன் கேட்டார். வெள்ளைக்காரர்கள் படம் என்றால் குதிரை இருக்கும், தோட்டம் இருக்கும், வெறும் கட்டத்தை யாராவது கண்ணாடி போட்டு மாட்டுவார்களா என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே கேள்வியை வெள்ளைக்காரப் பெண்களே கேட்டிருந்தார்களே.

அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். மஞ்சள் குரு, நீலம் சனி, சிவப்பு செவ்வாய், இது குழந்தைக்கும் தெரியும். கீழே இடது மூலையில் சாய்ந்து கிடக்கும் கிறுக்கல் லக்கினம். அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனால் எட்டாவது கட்டத்தில் சிவப்பு. எட்டில் செவ்வாய், அதுவும் கடகத்தில் நீசம். கட்டியவனுக்கு ஆகாது. மற்ற கிரகங்களைக் காணோமே என்று மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அழிச்சிருக்காங்க அக்கா. வெள்ளையடிச்சிருக்காங்க பாரு. இதை மட்டும் அழிக்க மனசு வரலே போல. கட்டம்கூட ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. எழுதினவன் பயந்துகிட்டே எழுதியிருக்கான்."

மாப்பிள்ளையின் அம்மா தன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். அவர் புருஷனை இழந்தவர். எட்டில் செவ்வாய் என்ற வார்த்தை அவருக்கு எப்படிப் போய் இறங்கியிருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. தோஷத்தைவிட, தோஷத்தை மறைத்தார்கள் என்பதுதான் பெரிய விஷயமாகிவிட்டது. மறைத்துப் பெண் கொடுக்கப் பார்த்தவர் என்று ஆனால் லைனில் அப்பா எப்படி நடமாடுவார். என்னைக் கேட்டு வேறு யாரும் வரமாட்டார்கள் என்பது போகட்டும். மாமன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் எப்படி நடந்து போனேன் என்று நினைவில்லை. நாற்காலி இல்லை, மரப்பெட்டி மேல் ஏறிப் படத்தைக் கழற்றினேன். என் ஜன்மத்தில் அத்தனை பேர் பார்க்க நான் எதுவும் செய்ததில்லை. அம்மா "ஏய், என்னடி" என்றாள். படத்தை ஒரு பக்கம் திருப்பி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். என் முகம் பாதி மறைந்துவிட்டது. அது உதவியாக இருந்தது.

"அப்பா பொய் சொல்லலே" என்றேன். "படத்தைச் சாய்ச்சு மாட்டியிருக்கு. இதுதான் நேர்."

வாசல்பக்கமிருந்து, இது என்ன படம் என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் குரலை நான் கேட்டது அப்போதுதான். என்னைத்தான் கேட்டார். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கோடு. சிவப்பு. வேற ஒண்ணும் இல்லை. இதுல கண்ணு கிடையாது, யாரும் நம்மளைப் பார்க்க மாட்டாங்க. அதனால எனக்குப் பிடிக்கும்."

அவர் எழுந்து கிட்டே வந்து குனிந்து மூலையைப் பார்த்தார். பானைக் கூடைகளில் அடையாளம் எழுதிப் பழகிய கண். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "மாமா, இது லக்கினம் இல்லை. இங்கிலீஷ் எழுத்து, ரெண்டு. ஆள் பேரோட முதல் எழுத்து. படத்தைச் சாய்ச்சதால எழுத்தும் படுத்துக்கிச்சு."

மாமன் திரும்பி வந்தார். எழுத்தைப் பார்த்தார். அது எழுத்துதான் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு பெரிய மனுஷர், செருப்பைப் போட்டபிறகு வெறுமனே கழற்றிவிட்டு உட்கார முடியுமா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திருப்பிப் பிடித்த படத்தை வெகுநேரம் பார்த்தார். எனக்குக் கை கடுத்தது.

"படம்னே வெச்சுக்கோ" என்றார் தன் அக்காவிடம். "அப்படியே கட்டமா இருந்தாலும், இப்போ சிவப்பு மேஷத்துக்குப் போயிருச்சு. செவ்வாய்க்குச் சொந்த வீடு. ஆட்சி பெற்ற செவ்வாய்க்குத் தோஷமே கிடையாது." பிறகு அப்பாவிடம் திரும்பி, "முதல்லயே நேரா மாட்டியிருந்தா இவ்வளவு பேச்சு வேண்டியதில்லை பாருங்க" என்றார்.

அப்பா, தப்பு என்னுடையதுதான், நீலத்தைத் தண்ணீர் என்று நினைத்துவிட்டேன் என்றார். மாப்பிள்ளையின் அம்மா முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும். மாமனும் சிரித்துக்கொண்டே ஒரு கால் செருப்பை உதறினார். அம்மா இன்னொரு சுற்று டீ போட உள்ளே ஓடினாள். நான் படத்தைப் பிடித்தபடியே நின்றேன். யாரும் வாங்கி வைக்கவில்லை, இறக்கி வைக்கலாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பின்னாளில் நினைத்துக்கொள்வேன். துரைசாணியின் படத்தை ஒவ்வொரு கட்டமாக, ஒவ்வொரு நிறமாக அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த மனிதர் ரங்கூனில் அந்த மாமன் ஒருவர்தான். தரைக்கல்லா என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சிவப்பு இருக்கும் இடத்தினால் ஒரு ஆள் வாழ்வதும் சாவதும் மாறும் என்று நம்பினார். ஒரு விரல் அகலத்துக்காக ஒரு கோட்டை நாள் கணக்காக அழித்து அழித்துப் போட்டவருக்கு அவரைப் பிடித்திருக்கும். ஒருவேளை "வாடா, டீ குடி" என்று கூப்பிட்டிருப்பார்.

கோயிலில் பூப்போட்டுப் பார்த்தார்கள், நல்லபடியாக வந்தது. ஆனியில் கல்யாணம். படகில் வாய்க்கால் வழியாக த்வாண்டே போனேன். துரைசாணி சொன்னது போலவே தண்ணீர் அடித்த கயிறாக நேரே ஓடியது. என் மடியில் துணி சுற்றிய படம்.

வீட்டில் முதல் வேலையாக என் புருஷன் அதற்கு ஆணி அடிக்கப் போனார். அடிப்பதற்கு முன்னால் படத்தைத் துணியிலிருந்து பிரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எது மேல் என்று கேட்டார். நான் விரலால் காட்டினேன். அவர் வேண்டுமென்றே படத்தைத் திருப்பி, இதுவா என்றார். பழக்கத்தில் தலையாட்டப் போனேன். அவர் இன்னும் ஒருதரம் திருப்பி, இதுவா என்று கேட்டுவிட்டு, டம்ளரைப் பார்த்த மாதிரி படத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"இல்லை" என்றேன். "முன்னால காட்டினதுதான்."

சரி என்று பின்பக்கம் திருப்பி, கூடைக்கு அடையாளம் போடும் பென்சிலால் பலகையில் 'மேல்' என்று பெரிதாக எழுதினார். அப்புறம்தான் ஆணி அடித்தார்.